எழுபதுகளின் லண்டனும் பிஸ்கட் டின்னில் இருக்கும் கடிதங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த, 1970களின் பிரித்தானியாவைப் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். சிவப்புத் தொலைபேசிக் கூண்டும், வாசற்படியில் வந்து நிற்கும் கண்ணாடிப் பால் போத்தலும், மூன்றே மூன்று அலைவரிசைகள் கொண்ட தொலைக்காட்சியும் அமைந்த ஒரு பொற்காலமாக அப்பத்தாண்டைக் கட்டுரையாளர் வரைந்திருந்தார். அந்தப் பத்தாண்டை முழுமையாகத் தென் லண்டனில், லூயிஷம் பகுதியில், ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகக் கழித்தவள் நான். கட்டுரையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. சில நினைவுகளைச் சொல்லாமல் அந்த வேண்டுகோளை விளக்க இயலாது என்பதால், கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் திருத்தம். 1974ஆம் ஆண்டின் மூன்று நாள் வேலை வாரத்தின்போது வீடுகள் மாலைதோறும் இருளில் மூழ்கின என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். என் வயதினர் பலரும் அவ்வாறே சொல்வதுண்டு. ஆனால் அது இரண்டு குளிர்காலங்கள் ஒன்றாகக் கலந்துவிட்ட நினைவு. சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் வட்டாரம் வட்டாரமாக, முறைவைத்து, வீடுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது 1972 பெப்ரவரியில். 1974 ஜனவரி 1 முதல் மார்ச் 7 வரை நீடித்த மூன்று நாள் வேலை வாரமோ, அத்தகைய இருள் வீடுகளுக்கு மீண்டும் வராதிருக்கத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மின்சாரம் பயன்படுத்தும் நாட்களைச் சுருக்கிய ஏற்பாடு. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவின் சம்பளம் குறைந்ததிலும், தொலைக்காட்சி இரவு 10.30 மணிக்கே மூடப்பட்டதிலுந்தான் நாங்கள் அதை உணர்ந்தோம்.

1972 என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் குத்துவிளக்கே சான்று. மின்சாரம் நின்ற முதல் மாலை அம்மா மெழுகுவர்த்தி தேடவில்லை. ஊரிலிருந்து துணிகளுக்கிடையே சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு ஆண்டுகளாக அலமாரியின் மேல் வெறுமனே நின்றிருந்த பித்தளை விளக்கை இறக்கித் துடைத்தார். தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தால், உள்ளே இருந்தது வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. அதை மண்ணெண்ணெய்க் கணப்பின் முன்னால் வைத்து, ஓரம் கரைந்து சொட்டு விடும்வரை நானும் தம்பியும் காத்திருந்தோம். பழைய பருத்திச் சேலையின் கரையைக் கிழித்துத் திரித்த திரிகள் ஐந்தும் எரியத் தொடங்கியபோது, அந்த வீட்டில் எனக்கு முதன்முறையாக ஊர் வாசம் வந்தது. மூன்று மணி நேரம் கழித்து மின்விளக்கு எரிந்தது. அம்மா குத்துவிளக்கை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அது ஏற்றப்பட்டது.

குளிரை நினைத்து ஏங்குபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. காலையில் எழுந்தால் சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி பூத்திருக்கும். விரல் நகத்தால் அதில் கோலம் போட்டது இனிய நினைவாகவே இருக்கிறது, ஆனால் அது எல்லா அறைகளுக்கும் கணப்பு வாங்கக் காசில்லாத வீட்டின் பனி. மண்ணெண்ணெய்ப் புகை எங்கள் கம்பளிச் சட்டைகளில் படிந்து பள்ளிக்கூடம் வரை வந்தது. பக்கத்தில் அமர்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அதை எங்கள் உடலின் மணம் என்றோ எங்கள் சமையலின் மணம் என்றோ நினைத்தார்கள். அது அவர்கள் நாட்டுக் கடையில் வாங்கிய எண்ணெயின் மணம் என்பதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

உணவைப் பற்றிக் கட்டுரையில் நிறைய இருந்தது. எங்கள் சமையலறை அதில் இல்லை. பள்ளி மதிய உணவில் ரவையைப் பாலில் கூழாகக் காய்ச்சி, நடுவில் ஒரு கரண்டி ஜாம் விட்டுத் தருவார்கள். அதே கடையின் அதே ரவை மாலையில் எங்கள் வீட்டில் கடுகும் வெங்காயமும் தாளித்த உப்புமாவாக இருக்கும். இரண்டும் ஒரே பொருள் என்பது எனக்கு எட்டு வயதில்தான் தெரிந்தது. கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, அம்மா இடியப்பம் பிழிந்தார். கேக்கின் மேல் தூவுவதற்காக விற்ற உலர்ந்த தேங்காய்த் துருவலை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துச் சம்பல் செய்தார். மிளகாய்த்தூளுக்கு மட்டும் மாற்றே இல்லை. அது அம்மம்மாவின் கையால் வறுத்து இடிக்கப்பட்டு, தகர டின்னில் அடைக்கப்பட்டு, வெள்ளைத் துணியால் தைத்துப் பொதிந்து, மை ஊறிய எழுத்துகளில் முகவரி எழுதப்பட்டு, கப்பல் தபாலில் மாதக் கணக்கில் பயணம் செய்து வந்தது. தபால்காரர் கதவைத் தட்டுவதற்கு முன்பே பொதி வந்துவிட்டதென்று எங்களுக்குத் தெரியும். அவர் தும்மும் ஓசை கேட்கும்.

1971 பெப்ரவரி 15ஆம் தேதி நாணயம் மாறியது. அதுவரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஓராண்டாகக் கடைகளில் அந்தக் கணக்கோடு போராடி, மீதிக் காசை எண்ணத் தெரியாமல் வெட்கி நின்ற அம்மாவுக்கு, அன்று முதல் ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ் என்றானது பெரும் விடுதலை. நூறு சதம் ஒரு ரூபா என்று பிறந்ததிலிருந்து எண்ணியவர் அவர். நாடு முழுவதும் குழம்பிய அந்த வாரங்களில், அடுத்த வீட்டு மூதாட்டி தம் பணப்பையை எங்கள் சமையலறை மேசையில் கவிழ்த்து, கடைக்காரர் தம்மை ஏமாற்றவில்லைதானே என்று அம்மாவிடம் சரிபார்த்துக்கொண்டார். அதற்கு முன் அவர் எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை. புதிய 5 பென்ஸ் பழைய ஷில்லிங்கின் அதே அளவில் இருந்ததால் ஷில்லிங் காசு போட்டால் எரிவாயு தரும் எங்கள் மீட்டர் மட்டும் எந்த மாற்றத்தையும் அறியாமல் காசை விழுங்கிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டுதான் ஏழு வயது கடந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசப் பால் நிறுத்தப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். ஐந்து வயதுத் தம்பிக்குச் சிறிய போத்தல் தொடர்ந்து கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறைக் கணப்பின் அருகே நின்று வெதுவெதுத்துப்போன அந்தப் பாலை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனாலும் அந்தச் செப்டம்பரில் அது இல்லாமற்போனது எனக்கு அநீதியாகவே பட்டது.

1971இல் நடந்த இன்னொன்றை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது லண்டனில் நாங்கள் போகக்கூடிய பிள்ளையார் கோயில் ஒன்றும் இல்லை. விம்பிள்டன் கணபதி கோயில் 1981இலும் ஹைகேட் முருகன் கோயில் 1986இலும் வந்தவை. எங்கள் சாமி அறை, துணி அலமாரியின் ஒரு தட்டு. விசேட நாட்களில் வாடகை மண்டபமொன்றில் படங்களை மேசைமேல் வைத்துப் பூசை நடக்கும், பூசை முடிந்ததும் படங்கள் பெட்டிக்குள் போகும். அந்த ஆவணிச் சதுர்த்தி ஆகஸ்ட் 24ஆம் தேதி வந்தது. இந்திய அணி ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்த்துக் கடைசி டெஸ்டின் கடைசி நாளை ஆடிக்கொண்டிருந்தது. முந்திய நாள் இந்தியப் பந்துவீச்சாளர் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டிருந்தது. இந்தியாவின் வெற்றிக்குத் தேவை 173 ஓட்டங்கள். நாங்கள் இந்தியர் அல்லர். இருந்தாலும் அணியின் துணைத் தலைவர் சென்னைக்காரரான வெங்கட்ராகவன் என்பதால், அந்தக் கோடை முழுவதும் அப்பா வானொலியின் முன்னால்தான் இருந்தார். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு என்னையும் அன்று அழைத்துச் சென்றார்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. உணவு இடைவேளையில் மைதானத்துக்குள் ஒரு யானை வந்தது. செசிங்டன் விலங்குக் காட்சிச்சாலையின் பெல்லா என்ற யானை அது. சதுர்த்திக்காக இந்திய இரசிகர்கள் ஏற்பாடு செய்து கொண்டுவந்திருந்தார்கள். பச்சைப் புல்லின் ஓரமாக அது அசைந்து அசைந்து நடந்தபோது, கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் சிலர் கைகூப்பியதைக் கண்டேன். அப்பாவும் தொப்பியைக் கழற்றினார். பிற்பகலில் அபித் அலியின் மட்டையிலிருந்து பந்து எல்லைக்கோட்டைக் கடந்து இந்தியா நான்கு விக்கெட்டுகளால் வென்றது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. வீடு திரும்பியதும் அம்மா கேட்டது ஒன்றேதான்: “பிள்ளையாரைக் கும்பிட்டாயா?” கும்பிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

மொழியைப் பற்றி எழுதுவது இன்றும் கடினமாக இருக்கிறது. நான் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஆசிரியை ஒருவர் அம்மாவையும் அப்பாவையும் அழைத்து, வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மொழியும் கெட்டுப்போகும் என்று அறிவுரை சொன்னார். அந்நாட்களில் நன்னோக்கத்தோடே பலருக்கும் சொல்லப்பட்ட அறிவுரை அது. அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அம்மாவின் ஆங்கிலமோ கடைத்தெருவுக்குப் போதுமானது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுக்குப் போதாதது. ஆகவே பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் அம்மா குறைவாகவே பேசினார். பத்து வயதில் எனக்குத் தமிழ் காதுக்கு மட்டும் தெரிந்த மொழியாகிவிட்டது.

மடித்தால் எழுதிய தாளே உறையுமாகிவிடும் நீல விமானக் கடிதம் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அம்மம்மாவிடமிருந்து வரும். ஓரங்களிலும் மடிப்புகளிலும்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். அம்மா அதை முதலில் தனியாக ஒருமுறை படிப்பார், பிறகு எங்களுக்கு உரக்கப் படிப்பார். முதல் வாசிப்பில் இருந்து இரண்டாம் வாசிப்பில் விடுபட்டவை எவை என்று அப்போது நான் யோசித்ததில்லை. கடிதத்தின் அடியில் என் பெயரை மட்டும் அம்மம்மா பெரிதாக, தனித்தனி எழுத்தாக எழுதியிருப்பார், நான் படிக்க வேண்டும் என்பதற்காக. அந்த நான்கு எழுத்துகளைத் தவிர வேறெதையும் என்னால் படிக்க முடியவில்லை.

1976இன் கோடையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை தொடர்ந்து பதினைந்து நாட்கள் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டியது. புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. குழாய் நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சத் தடை வந்தது. அக்கம்பக்கத்தார் வெயிலில் துவண்டு கிடந்த அந்த நாட்களில் அம்மா மட்டும் ஒரு நிமிடம் உட்காரவில்லை. யூஸ்டன் அருகே ட்ரமண்ட் தெருவிலிருந்து உளுந்து வாங்கிவரச் செய்து, அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து, அடுப்புத் தட்டுகளிலும் பழைய படுக்கை விரிப்பிலும் வடகம் கிள்ளி வைத்தார். ஆறு ஆண்டுகளில் வடகம் காயக்கூடிய வெயிலை அவர் அப்போதுதான் கண்டார். ஜூலைக் கடைசியில் பொறிவண்டுகள் கூட்டங்கூட்டமாக வந்து வடகத்தின் மேல் சிவப்புப் புள்ளிகளாக உட்கார்ந்தன. அவற்றை விசிறி ஓட்டுவது எனக்கும் தம்பிக்கும் தரப்பட்ட வேலை. அந்த மாலைகளில் அம்மா தாமாகவே பேசினார், தமிழில், ஊர் முற்றத்தைப் பற்றி, நிறுத்தாமல். அப்பா தடுக்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் அரசாங்கம் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கான அமைச்சராக நியமித்தது. சில நாட்களிலேயே மழை கொட்டியது. தெருவே வெளியில் வந்து நனைந்து ஆர்ப்பரித்தது. அம்மா விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். எழுபதுகளில் நான் திரும்பப் போய்ப் பார்க்க விரும்பும் நாட்கள் என்றால் அந்தப் பத்து வாரங்களே.

மறு ஆண்டு, 1977 ஜூன் 7ஆம் தேதி, எலிசபெத் அரசியாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காகத் தெருக்களில் மேசைகளை வரிசையாகப் போட்டு விருந்து நடந்தது. அம்மா முந்திய இரவு முழுதும் விழித்திருந்து ரோல்ஸும் கட்லெட்டும் பொரித்தார். அவை மற்றவர்களின் சாண்ட்விச்சுகளுக்கு முன்பே தீர்ந்துபோயின. 67 நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 13ஆம் தேதி சனிக்கிழமை, எங்களைப் போன்றவர்களை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று கோரிய நேஷனல் ஃப்ரண்ட் கட்சியினர் நியூ கிராஸிலிருந்து லூயிஷம் நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். அவர்களை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பொலிஸார் கலகத் தடுப்புக் கேடயங்களைப் பெருநிலப் பிரித்தானியாவில் முதன்முதலாக ஏந்தியது அன்றுதான். நாங்கள் திரைகளை இழுத்து மூடிவிட்டு, கூச்சலும் வாகனச் சங்குகளும் கேட்கும் தூரத்தில், பின்னறையில் இருந்தோம். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள் என் மடியில் இருந்தன.

மறுநாள் காலை, வெள்ளிவிழா மேசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ரோல்ஸைப் புகழ்ந்து தின்ற ஒருவர், வேலிக்கு மேலாக எட்டி, “அவர்கள் உங்களைச் சொல்லவில்லை, மற்றவர்களைத்தான் சொல்கிறார்கள்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பள்ளி வாசலில், தெற்காசியரை இழித்துச் சொல்லும் ‘பாக்கி’ என்ற சொல்லைக் கத்திய பையன்களை நான் மறந்துவிட்டேன். அந்த வாக்கியத்தை மறக்கவில்லை. அம்மா பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு நத்தாருக்கும் வழக்கம்போல் அவர் வீட்டுக்குத் தட்டு போனது. அம்மா ஏன் அனுப்பினார் என்று அவர் இருந்த காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டும்.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்நாட்டின் ஊடகங்கள் எழுபதுகளை நினைவுகூரும்போது அந்தத் தெருவில் எங்கள் வீடு இருப்பதில்லை. நம்மவர் எழுதும் பிரித்தானியத் தமிழர் வரலாறோ பெரும்பாலும், இலங்கையில் தமிழர் மீது வன்முறை வெடித்த 1983 ஜூலையிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆடிக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் துயரத்தின் முன் எங்கள் குளிரும் மண்ணெண்ணெயும் ஒன்றுமேயில்லை என்பதை நான் அறிவேன்; அவர்களின் கதை முதலில் சொல்லப்பட வேண்டியதே. ஆயினும், படிக்கவும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யவும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்து, கோயிலும் கடையும் தமிழ்ப் பள்ளியும் அருகில் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்த ஒரு தலைமுறை இருந்தது. அவர்களில் இருப்பவர்களுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. ஒவ்வொரு குளிர்காலமும் தங்கள் இதழின் மரண அறிவித்தல் பக்கத்தில் அவர்களின் படங்களைக் காண்கிறேன். ஊர், பட்டம், பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். முதல் குளிர்காலத்தில் இடியப்பத்துக்கு என்ன மா எடுத்தார்கள் என்பது இருக்காது.

எனவே, 1983க்கு முன் இந்நாட்டில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளுக்கென வாரம் ஒரு பத்தியைத் தங்கள் இதழில் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெரிய மனிதர்களின் சாதனைகளை அல்ல, சமையலறையையும் பள்ளி வாசலையும் பற்றிக் கேளுங்கள். எழுத இயலாத முதியவர்களின் பேச்சைப் பேரப்பிள்ளைகள் பதிவுசெய்து அனுப்பலாம். பெட்டிகளில் கிடக்கும் நீலக் கடிதங்களைப் படியெடுத்து வெளியிடலாம்; அந்த மெல்லிய தாள் மடிப்புகளில் கிழிந்து வருகிறது.

என்னிடம் அம்மம்மாவின் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. என் பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தபோது, கடைசி வாங்கில் நானும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். நாற்பது வயதுக்குப் பிறகுதான் அந்தக் கடிதங்களை என் கண்ணால் படித்தேன். அம்மா எங்களுக்குப் படிக்காமல் விட்ட வரிகளையும் படித்தேன். பத்தி தொடங்குமானால் முதலாவதாக 1971 செப்டம்பரில் வந்த கடிதத்தின் படியை அனுப்பி வைக்கிறேன். அதில் அம்மம்மா, வெள்ளைக்காரன் ஊரில் சதுர்த்தியன்று யானை வந்ததென்று நான் சொல்லியனுப்பியதை நம்புவதாகவும், ஆனால் அதற்கு யாராவது ஒரு வாழைப்பழமாவது கொடுத்தார்களா என்பதை அடுத்த கடிதத்தில் தவறாமல் எழுதும்படியும் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
லூயிஷம், லண்டன்.